மூச்சு வேண்டாத சத்தம்

நாக்கின் நுனியை மேல்பல்லின் முதுகில் ஒட்டவைக்க வேண்டும். நாக்கின் பின்பகுதியை, தொண்டைக்குச் சற்று முன்னால், அண்ணத்தில் அழுத்த வேண்டும். இரண்டு கதவும் சாத்தியாயிற்று. நடுவில் நூல் நுழையும் அளவு இடம், அதில் கொஞ்சம் காற்று. இப்போது நாக்கின் நடுவை மட்டும் கீழே இழுத்தால் இடம் பெரிதாகும். காற்று அதே காற்றுதான், மெலிந்துபோகும். முன்கதவைத் திறந்ததும் வெளிக்காற்று ஓடிவந்து விழும். அந்த விழுகைதான் சத்தம். ச்சு.

எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லாத வாய் கிடையாது. சாப்ட்டியா? ச்சு. பஸ்ஸு வந்துச்சா? ச்சு. இல்லை என்பதற்கு ஒரு சொல்லைச் செலவு செய்ய மனமில்லாதவர்கள் நாங்கள். ஆனால் இதற்கு எழுத்து இல்லை. நான் ச்சு என்று எழுதுவது அடுத்த வீட்டுப் பிள்ளையின் சட்டையை மாட்டி நிறுத்துவதுபோல. அளவு சரியாக இருக்காது, வேறு வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. நாக்கு நுனியை எடுக்காமல், நாக்கின் ஓரத்தை மட்டும் கடைவாய்ப் பக்கம் பிரித்துவிட்டால் கன்னத்துக்குள் ஒரு சத்தம் உடையும். அதை ளக் என்று எழுதிக்கொள்கிறேன். மாடு ஓட்டுகிறவர்களின் சத்தம். போ என்று பொருள், போகலாம் என்று பொருள், சரி என்றும் பொருள்.

என் தம்பிக்குக் குரல் போன பிறகு மிஞ்சியவை இந்த இரண்டும்தான்.

அவன் உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் இருந்தான். செம்மண், முந்திரி. முந்திரி மரம் மேலே போவதைவிடப் பக்கவாட்டில் போவதில் ஆசையுள்ளது. கிளைகள் தரையைத் தொட்டுக் கிடக்கும், டிராக்டர் உள்ளே நுழையாது. அதற்காகவே ஊரில் எல்லோரும் மாட்டை விற்ற பிறகும் ஒரு ஜோடி வைத்திருந்தான். குனிந்து, கிளைக்கு அடியில் ஏரைச் செலுத்திக்கொண்டு, கன்னத்துக்குள் ளக், ளக். அடிக்க மாட்டான், அதட்ட மாட்டான். அந்தச் சத்தத்துக்கு மாடு நடந்தது. பிறகு அது அவன் வாயிலேயே தங்கிவிட்டது. மூட்டையைத் தூக்கும்போது ளக். எழுந்து போகும்போது ளக். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு டிவிஎஸ்-ஸில் முன்னால் நிற்க வைத்துக் கிளம்பும்போது கட்டாயம் ளக். அந்தச் சின்னது பெட்ரோல் என்ற ஒன்றை நம்பவே இல்லை.

"எங்கப்பா சொன்னாத்தான் அத்தை வண்டி போவும்" என்று என்னிடமே அடித்துச் சொல்லும்.

மகள் கல்யாண வயதுக்கு வந்தபோது, முதலில் அவன் குரல் கரகரத்தது. சளி என்றார்கள். வெந்நீர், மிளகு, கசாயம் எல்லாம் ஆயிற்று. கரகரப்பு இறங்கிக் காற்றாயிற்று. திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். உட்காரச் சொல்கிற டாக்டரைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. குரல்வளையை எடுத்துவிட வேண்டும், கழுத்தில் ஓட்டை போட்டு அதன் வழியாக மூச்சு, பேச்சு இருக்காது, ஆள் இருப்பார் என்றார்.

ஆபரேஷன் அறை வாசலில், தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு, தம்பி என் கையைப் பிடித்தான். நான் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று குனிந்தேன்.

"அக்கா, மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்லு."

அவன் குரலில் நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

புண் ஆறிய பிறகு பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி தருகிறவள் சின்னப் பெண், என் தம்பியை அண்ணா என்றாள். எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். பேச்சு என்பது நெஞ்சிலிருந்து கிளம்பும் காற்று. இப்போது அது வாய்க்கு வந்துசேராமல் கழுத்திலேயே இறங்கிக்கொள்கிறது. வாயில் ஒன்றும் பழுதில்லை. நாக்கு இருக்கிறது, பல் இருக்கிறது, உதடு இருக்கிறது. காற்றுதான் வரவில்லை. கன்னத்தில் அடைபட்ட சொச்சக் காற்றை வைத்துக்கொண்டு க, ட, ப மாதிரிக் கடின எழுத்துகளைக் கொஞ்சம் தட்டி எழுப்பலாம். ம, ன, ண எல்லாம் மூக்குக்குப் போகும் காற்றை நம்பிப் பிழைப்பவை, அவை வராது.

அவன் என்னைப் பார்த்து வாயசைத்தான். க்க் என்று ஒன்று கேட்டது. அக்காவில் மிஞ்சியது அது.

"காத்தே வேண்டாத சத்தம் ஒண்ணு இருக்குண்ணா" என்றாள் அவள். "மூச்ச நிறுத்திட்டுக்கூடச் செய்யலாம். நாக்கு வாய்க்குள்ளயே இழுத்து..."

அவள் முடிப்பதற்குள் தம்பி கன்னத்துக்குள் ளக் என்று ஒன்று உடைத்தான். அறைக்கு வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெண் நாற்காலியில் துள்ளிவிட்டாள்.

"ஐயோ, இத எங்கண்ணா கத்துக்கிட்டீங்க?"

"மாடு ஓட்டுறவன் இவன்" என்றேன்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். ஆப்பிரிக்காவின் தெற்கே சில மொழிகளில் இந்தச் சத்தங்கள் முறையான எழுத்துகளாம். சொல்லுக்குள் வருமாம், ஆட்களின் பெயருக்குள்ளேயே வருமாம். அம்மா என்று நாம் சொல்வதுபோல அங்கே குழந்தைகள் அதைச் சொல்லிக்கொண்டு வளருமாம். நமக்குத்தான் அது வாசலில் நிற்கும் சத்தம், உள்ளே விடுவதில்லை.

தம்பி பல்லில் ச்சு என்றான்.

"நம்ப மாட்டேங்கறான்" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். அவன் சிரிப்பு தோளில் மட்டும் குலுங்கியது, கழுத்துத் துணி படபடத்தது.

வீட்டுக்கு வந்தான். முந்திரி பூத்திருந்தது. மூக்கு வழியாகக் காற்று போகாததால் வாசனையும் போய்விட்டிருந்தது. காட்டுக்குள் நின்று மூக்கைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தான். எழுதிக் காட்டச் சொன்னால் எழுத்துக் கூட்டுவதற்குள் பேச்சு அடுத்த ஊருக்குப் போய்விடும், எரிச்சலில் பேனாவை வைத்துவிடுவான். ஆக, ளக்கும் ச்சுவும். சத்தமாக ஒன்று, மெதுவாக ஒன்று, இரண்டு சேர்த்து, இழுத்து, புருவத்தோடு, புருவம் இல்லாமல். அவன் பெண்டாட்டிக்கு எல்லாம் புரிந்தது.

"முன்னாடி மட்டும் என்னாங்க அண்ணி" என்றாள் என்னிடம். "நான் எது கேட்டாலும் ச்சு தான். தொண்டைக்கு இவரு வேல வச்சதே கெடையாது."

ளக் என்றான் அவன். சரிதான் என்றான்.

நான் இருப்பது பெரம்பலூரில். ஒரு இடத்தில் உட்கார முடியாத பிறவி நான். எழுதுவதும் நடந்துகொண்டேதான். அவனுக்குப் போன் செய்து காதில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நடப்பேன். மழையாடா? ச்சு. மருந்து போட்டியா? ளக். கேள்விகள் தீர்ந்த பிறகும் இரண்டு பேரும் போனை வைப்பதில்லை. அவன் கழுத்து ஓட்டையிலிருந்து வரும் மூச்சு, முந்திரிக் காட்டில் சருகு நகர்வதுபோலக் கேட்டுக்கொண்டே இருக்கும். நடந்துகொண்டே இருப்பேன்.

அந்த நேரத்தில் தம்பி மகளுக்கு வரன் வந்தது. ஆலத்தியூர் பக்கம். நல்ல மாதிரி, பையனை அவளுக்கும் பிடித்திருந்தது. எங்கள் வழியில் நிச்சயத்தன்று தட்டு மாற்றுவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் சபையில் கேட்பார், பெண்ணைக் கொடுக்கச் சம்மதமா என்று. பெண்ணின் அப்பன் தன் வாயால் சம்மதம் என்று சொல்ல வேண்டும். அப்பன் இல்லாத பெண்ணுக்குத்தான் தாய்மாமன் சொல்வார். இருக்கிற அப்பனுக்காக இன்னொருவர் சொல்வதில்லை. அது அவனை உயிரோடு இல்லாதவன் கணக்கில் வைப்பது.

தம்பி அதைச் சொல்ல ஆசைப்பட்டான். அந்த ஒரு சொல் போதும் அவனுக்கு.

பயிற்சிப் பெண் ஒரு வழி சொல்லியிருந்தாள். காற்றை விழுங்கி, ஏப்பம்போல மேலே கொண்டுவந்து, அந்த ஏப்பத்தின் மேல் சொல்லை ஏற்ற வேண்டும். சோடா குடித்தால் சுலபமாம். ஜெயங்கொண்டம் போய்வரும்போதெல்லாம் பன்னீர் சோடா வந்து இறங்கியது. மரத்தடியில் உட்கார்ந்து மடக் மடக்கென்று குடிப்பான், நாங்கள் சுற்றி நின்று அவன் வாயையே பார்ப்போம். முதலில் வெறும் ஏப்பம். பிறகு ஒரு ஏப்பத்தில் ச என்று ஏதோ தட்டுப்பட்டது. மகள் கை தட்டினாள்.

"ஒரு சோடாவுக்கு ஒரு எழுத்துப்பா! இன்னும் நாலு குடி, கல்யாணம் முடிஞ்சுடும்."

ஆனால் அந்தச் சொல்லைப் பாருங்கள். சம்மதம். பாதிக்குமேல் ம். மூக்கை நம்பிப் பிழைக்கும் எழுத்து. ச என்று ஏறும், தலையை இடிக்கும், விழும். த என்று மறுபடி ஏறும். ஒரு நாள் முழுச் சொல்லும், யாரோ பானைக்குள் இருந்து பேசுவதுபோல, வந்தேவிட்டது. அவனே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டான். அவன் பெண்டாட்டி உள்ளே ஓடிப்போய் அழுதாள்.

இரண்டு வாரம் அந்தச் சொல் அவனிடம் இருந்தது.

தாடைக்குக் கீழே கட்டி வந்தது. மறுபடி திருச்சி, மறுபடி உட்காரச் சொன்னார்கள். கத்தி வைக்க முடியாத இடம். கரண்டு வைத்தார்கள், கதிர்வீச்சை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. கழுத்து வீங்கி, விழுங்கும் வழி இறுகி, சோடா உள்ளே போவதே பாடாயிற்று. ஏப்பக் குரல் போயிற்று. பிறகு நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வாய் உலர்ந்தது. கரண்டு எச்சில் சுரப்பதைக் கருக்கிவிடுமாம். உலர்ந்த நாக்கு அண்ணத்தில் ஒட்டாது. ஒட்டாத கதவில் காற்று ஒழுகும். அந்தச் சத்தத்துக்கு மூச்சு வேண்டாம், ஆனால் ஈரம் வேண்டும். அதை எந்தப் பயிற்சிப் பெண்ணும் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு காலையில் மாட்டுக் கொட்டகையில் அவன் கன்னத்தை அசைத்தான், மாடு அப்படியே நின்றது. வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை ஊறவைத்துக்கொண்டு மறுபடி சொன்னான். நடந்தது.

நிச்சயத்தை முன்னால் இழுத்தார்கள். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முந்தின நாள் அவன் மச்சான், பெண்ணுக்குத் தாய்மாமன், வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, நான் சொல்லிடறேன். நீ பக்கத்துல நில்லு, போதும்."

ச்சு.

"அந்தச் சத்தம்தான் வேணாங்கறேன். நல்ல காரியத்துல உச்சு கொட்டலாமா?"

தம்பி தலையை ஆட்டிவிட்டு, தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டு, கன்னத்தில் ளக் என்றான். இது வேறு, இது நல்லது என்று கையால் காட்டினான்.

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாட்ட ஓட்டுற சத்தத்த வச்சா பொண்ணக் குடுக்குறது? அவங்க என்னா நெனப்பாங்க?" என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்கக்கா. படிச்சவங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது.

"மாமா, எங்கப்பா சொன்னாத்தான் நான் போவேன்."

மறுநாள் வாசலில் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள், வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசி தலையில். தம்பி வெள்ளைச் சட்டை போட்டுக் கழுத்தில் புதுத் துண்டு சுற்றியிருந்தான். இளைத்த உடம்பு, சட்டைதான் உட்கார்ந்திருந்தது. பெரியவர் ஒருவர், காது மடலில் ரோமம் அடர்ந்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"பொண்ண எங்க வூட்டுக்குக் குடுக்கச் சம்மதங்களா?"

தம்பி கன்னத்தை இறுக்கினான். நாக்கு மேலே போவது தாடையில் தெரிந்தது. பிரித்தான். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. துண்டுக்கு அடியில் மூச்சு வேகமாயிற்று, துண்டின் முனை எழுந்து எழுந்து விழுந்தது. உடம்பில் இருந்த காற்றெல்லாம் பேசத் தவித்துத் தவறான வாசலில் போய்க்கொண்டிருந்தது. பந்தலில் யாரோ இருமினார்கள். மச்சான் எழுந்திருக்கத் துண்டை உதறினார்.

அப்போது மகள் வெளியே வந்தாள். பட்டுப்புடவை, பாதி கட்டிய பூ, கையில் தண்ணீர் டம்ளர். கூப்பிடாமல் பெண் சபைக்கு வரக்கூடாது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அவள் நேரே போய் அப்பன் முன்னால் உட்கார்ந்து டம்ளரை அவன் வாயில் வைத்தாள். அவன் வாங்கினான். விழுங்கவில்லை, ஊறவைத்தான். கடைவாயில் வழிந்ததை அவள் முந்தானையால் துடைத்தாள்.

"அவசரமில்லப்பா" என்றாள்.

பந்தல் முழுக்கக் காத்திருந்தது.

ளக்.

சின்னச் சத்தம். பந்தலின் பாதி தூரம்கூடப் போயிருக்காது. பின்னால் இருந்தவர்கள், "என்னா, சொல்லிட்டாரா?" என்று கேட்டார்கள். காதில் ரோமம் அடர்ந்த பெரியவர் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வயசுக்கு எத்தனை ஜோடி மாடு பார்த்திருப்பாரோ.

"சொல்லிட்டாருய்யா" என்றார் பின்பக்கம் திரும்பி. "ஒரு தடவ சொன்னா மாடே போவுது, நமக்கென்னா? தட்ட மாத்துங்க."

சிரிப்பு எழுந்தது. தம்பியின் தோள் குலுங்கியது. மச்சான் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு துடைத்துக்கொண்டே இருந்தார்.

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருக்கிறது. நிறுத்தவிடாமல் ஏதோ என்னை நடக்க வைக்கிறது.

கல்யாணத்துக்கு முன் மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பி வருவதற்கான சேர்க்கை இல்லை அது. ஸ்பூனில் தண்ணீர் நனைத்து அவன் நாக்கில் தடவுவது என் வேலை. அதற்காகக் கேள்விகளைச் சேர்த்துவைப்பேன், ஈரம் காய்வதற்குள் கேட்டுவிட வேண்டும். கடைசி நாள் பிற்பகல், ஜன்னலில் நல்ல வெயில். நாக்கை நனைத்தேன்.

"வலிக்குதாடா?"

நாக்கு நுனி பல்லைத் தேடிப்போய்ச் சேர்ந்தது. ச்சு.

பொய். என் கூடப்பிறந்தவனின் கடைசிச் சொல் எனக்காகச் சொன்ன பொய். சிறிது நேரத்தில் கழுத்துத் துண்டின் முனை எழுவது நின்றது. டாக்டர் வந்தார், பார்த்தார், போனார். அந்தச் சத்தத்துக்கு மூச்சு வேண்டாமே. மூச்சு நின்ற பிறகும் நான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஊர் வந்தது. வந்தவர்கள் அவன் முகத்தைப் பார்த்ததும் ச்சு ச்சு என்றார்கள். வாசலில், கூடத்தில், பந்தலடியில், எல்லா வாயிலும் ச்சு ச்சு. வீடு நிறைய அவன் மொழி. அவன் மட்டும் பேசவில்லை.

கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா என்று பேச்சு வந்தது. ஆலத்தியூர்ப் பெரியவர் துக்கம் கேட்க வந்த இடத்தில் சொன்னார்: "அப்பன் வாயால சொல்லிட்டுப் போயிருக்காரு. அதுக்கு மேல யாரு பேசறது?" குறித்த நாளில், மேளத்தைக் குறைத்துக்கொண்டு, ஜெயங்கொண்டத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது.

பெண்ணை ஏற்றி அனுப்பும் நேரம். அவள் அம்மா கார்ப் பக்கம் வரவில்லை. வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, வரச் சொல்லவும் இல்லை. மண்டபத் தூணுக்குப் பின்னால் புடவையின் ஒரு ஓரம் தெரிந்தது. நான் ஜன்னலோரம் நின்றேன். டிரைவர் சாவியைத் திருப்பி, இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை போகலாம் என்றார். மகள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"அத்தை."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குப் புரிந்தது. டிவிஎஸ்-ஸின் முன்னால் நின்றுகொண்டு கிளம்பக் காத்திருக்கும் அதே முகம்.

நாக்கை அண்ணத்தில் அழுத்தினேன். பின்கதவு. முன்கதவு. ஓரத்தைப் பிரித்தேன். காலையிலிருந்து அழுது அழுது வாய் ஓலைபோல உலர்ந்து கிடந்தது. ஒட்டவில்லை. மறுபடி முயன்றேன். வெறும் தோல் உரசல். அவள் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். தண்ணீர் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கார் மெதுவாக நகர்ந்துவிட்டது. வளைவு வரைக்கும் அவள் திரும்பியே இருந்தாள்.

அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன். உடையார்பாளையம் தாண்டி, முந்திரிக் காடுகள் ஜன்னலில் தாழ்ந்து தாழ்ந்து ஓடின. அரியலூரில் யாரோ விற்ற தண்ணீர்ப் பாட்டிலை வாங்கிக் குடித்தேன். லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. எப்போது என்று தெரியாமல் என் வாயில் ஈரம் திரும்பியிருந்தது. கன்னத்துக்குள் ஒரு சத்தம் உடைந்தது. ளக். அழகாக, முழுதாக, அவன் சொல்வதுபோலவே.

பக்கத்து சீட்டில் வெங்காயப் பையை மடியில் வைத்திருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"யாரங்க கூப்புடுறீங்க?"

ச்சு என்றேன்.